பதினான்காம் எண் தண்ணீர் லாரி

மூன்று மாதமாய் நான் அழுதுகொண்டிருப்பதாக
நினைக்கிறார்கள் கட்டுப்பாட்டு அறையில்.
பக்கத்து மேசை ஒஸ்வால்டோ
ஒன்றும் கேட்காமல் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போகிறான்.
சாப்பாட்டுக்கூடத்து நெல்டா
"போனவன் போகட்டும் யாஸ்னா" என்கிறாள்.
யார் போனது?
எலியாஸ் வீட்டில்தான் இருக்கிறான்,
குறட்டை உட்பட முழுசாக.

முதலில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.
பிறகு எரியும்.
பிறகு தாரைதாரையாய் ஊற்றும்.
இப்படி ஊற்றுகிற கண்ணுக்கு
டாக்டர் ரோக்கோ சொன்ன பெயர்
உலர்ந்த கண்.
சிரித்துவிட்டேன்.

கலாமாவில் மழை என்பது
அடுத்த ஊர்ச் செய்தி.
மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் காற்று
ஈரத்துணியைப் பத்து நிமிடத்தில் அப்பளமாக்கிவிடும்.
அந்த ஊரில் உட்கார்ந்து
உலர்ந்த கண் என்று ஒருவர் சொன்னால்,
எது உலரவில்லை என்றுதான் கேட்கத் தோன்றும்.

கீழிமைக்குள் தாள்துண்டைச் செருகி
ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்.
விலைச்சீட்டு தொங்கும் பொம்மைபோல் இருந்தேன்.
தாள் நன்றாகவே நனைந்தது.
பிறகு ஒரு மஞ்சள் சாயம், ஒரு நீல விளக்கு,
"இமைக்காதீர்கள்" என்று சொல்லி எண்ணினார்.
ஒன்று, இரண்டு, மூ...
அதற்குள் கண்ணீர்ப் படலம் கிழிந்துவிட்டதாம்.

தண்ணீருக்குக் குறைவில்லை, எண்ணெய்தான் இல்லை என்றார்.
இமை விளிம்பில் வரிசையாய்ச் சின்னச்சின்ன வாய்கள்;
அவற்றில் ஊறும் எண்ணெய்
கண்ணீர்மேல் மெல்லப் படர்ந்து மூடவேண்டும்.
எனக்கு அவை அடைத்துக் கிடக்கின்றன,
ஆறிய சூப்பில் கொழுப்பு உறைந்ததுபோல.
மூடியில்லாத நீர் ஆவியாகிறது.
காய்ந்த கண் பதறி வெள்ளத்தை வரவழைக்கிறது.
வெள்ளம் எங்கே நின்றது?
கன்னத்தோடு போய்விடுகிறது.

"பிஸ்கோஃபிட்டா" என்றேன்.
"என்ன?"
"உப்பு, டாக்டர்."

சுரங்கப் பள்ளத்தின் சாலைகளுக்குத்
தண்ணீர் லாரிகளை அனுப்புகிறவள் நான்.
வெறும் தண்ணீர் தெளித்தால்
லாரி வளைவைத் தாண்டுமுன் புழுதி எழுந்துவிடும்.
உப்பைக் கலந்து தெளித்தால்தான்
ஈரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.
பேனாவைக் கீழே வைத்தார்.
"மற்ற நோயாளிகளுக்கும் இதைச் சொல்லலாமா?"
"சொல்லுங்கள்.
கண்ணில் உப்புப் போடச் சொன்னதாக மட்டும்
யாரும் நினைத்துவிடக் கூடாது."

நிமிடத்துக்கு எத்தனை முறை இமைக்கிறேன் என்று
ஒஸ்வால்டோவை எண்ணச் சொன்னேன்.
நான்கு. அதிலும் இரண்டு அரைகுறை.
ஆறு திரைகள், நாற்பது பச்சைப் புள்ளிகள்.
கண்ணை இமை காக்கும் என்பார்கள்;
என் இமைக்கு விடுப்புக் கொடுத்தவள் நான்தான்.
எப்போதிலிருந்து என்பதும் தெரியும்.

போன ஆண்டு ஜூலையில் ஓர் இரவு.
ஒரு புள்ளி, ஏழாவது திருப்பம், சின்ன வண்டி.
கண்ணிமைக்கும் நேரம் என்று சும்மா சொல்வதில்லை.
அன்று நான் அழவில்லை.
ஷிப்ட் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை,
அடைப்பு அடைப்புதான் என்றார் டாக்டர்.
சரி.

காலையும் இரவும் பத்து நிமிடம் ஒத்தடம்.
கோதுமை நிரப்பிய துணிப்பையை
மைக்ரோவேவில் பாப்கார்ன் பொத்தானை அழுத்திச் சுடவைத்து,
தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
என் கண்மேல் வைக்கிறான் எலியாஸ்.
பிறகு இமையை விளிம்புவரை மெல்ல நீவிவிட வேண்டும்.
விரல்நுனி அளவுக் குப்பிகளில் சொட்டுமருந்து.
திரைகளைப் பார்வைக்குக் கீழே இறக்கியாகிவிட்டது.
முகத்துக்கு நேரே ஊதிய ஹீட்டரை
ஒஸ்வால்டோ பக்கம் திருப்பியாகிவிட்டது.
ஆறு வாரமாகுமாம், அதற்குமேலும் ஆகலாமாம்.

கடினமானது இமைப்பதுதான்.
அதற்கொரு வழி வைத்திருக்கிறேன்.
பதினான்காம் எண் லாரியில் மார்லேன் அயாவிரே.
அவள் ஏழாவது திருப்பத்தை நனைத்துக்கொண்டு கடக்கும்போதெல்லாம்
முழுசாய் மூடுகிறேன்.
ஒன்று.
இரண்டு.
திறந்து புள்ளிகளை எண்ணுகிறேன்.
நாற்பது.

இப்போது வழிவது குறைந்திருக்கிறது.
மிட்டாய் வேண்டாம் என்று மட்டும்
ஒஸ்வால்டோவிடம் இன்னும் சொல்லவில்லை.